ஒரு பாடவேளைக்கு ஓர் அட்டை

ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை, அடுத்த வாரத்துக்கான அறிவியல் பாடக்குறிப்புகளை எழுதி முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். உட்கார்ந்து 1 மணி 15 நிமிடம் ஆகியிருந்தது. சென்ற ஜூலையில் இதே வேலைக்கு 4 மணி 25 நிமிடம் பிடித்தது என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. ஒரு வாரம் மட்டும் இப்படி அமைந்திருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பேன். தொடர்ந்து நான்காவது வாரமாக இப்படியே முடிந்ததால், இடைப்பட்ட ஏழு மாதங்களில் என்ன செய்தேன், எங்கெங்கே வழி தவறினேன், கையிலிருந்து எவ்வளவு செலவாயிற்று என்பதை எழுதி வைக்கிறேன்.

காவிரி டெல்டாவில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். வாரத்துக்கு 12 அறிவியல் பாடவேளைகள். ஒவ்வொன்றும் 40 நிமிடம். கணக்குப் பாடவேளைகளும் எனக்கு உண்டு என்றாலும், அவற்றை இந்த முயற்சியில் சேர்க்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரத்தை வகுக்கும்போது, கற்பித்தலோடு பாட ஆயத்த நேரத்தையும் அதற்குள் சேர்த்தே சொல்கிறது. நடைமுறையில் அந்த ஆயத்தம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டில்தான் நடக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் பாட வளங்களைக் கொண்டு அந்த மாலையை மீட்பதுதான் என் நோக்கம்.

முதலில் எதையும் மாற்றாமல் அளந்து மட்டும் பார்த்தேன். 40 பக்க நோட்டு ஒன்றில் நான்கு பத்திகள் வரைந்து, ஜூலையில் இரண்டு வாரம், எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் என்று எழுதினேன். இரண்டாம் வாரக் கணக்கு இது: படம், செயல்பாடு, பயிற்சித்தாள் ஆகியவற்றைத் தேடியது 120 நிமிடம், கிடைத்த காணொளிகளை முழுவதும் பார்த்துத் தேர்ந்தது 65 நிமிடம், பாடக்குறிப்பைக் கையால் எழுதியது 60 நிமிடம், படம் வரைந்தது 20 நிமிடம். எழுதுவதுதான் நேரத்தைத் தின்கிறது என்று பல ஆண்டுகளாக நம்பியிருந்தேன். உண்மையில் தேடலும் தேர்வும் சேர்ந்து மொத்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டிருந்தன. இந்த அளவீட்டைச் செய்யாமல் இருந்திருந்தால், நான் வேகமாகத் தட்டச்சு செய்யப் பழகிக்கொண்டு அத்தோடு நின்றிருப்பேன்.

தேடல்தான் சிக்கல் என்று தெரிந்ததும் எடுத்த முடிவு பிழையானது. எல்லாவற்றையும் ஒரே முறையாகத் தேடி இறக்கி வைத்துவிட்டால் பிறகு தேடவே வேண்டாம் என்று நினைத்தேன். இலவசமாகக் கிடைப்பவற்றுக்குக் குறைவில்லை. 2018இல் வந்த ஆறாம் வகுப்புப் பாடநூலிலேயே க்யூஆர் குறியீடுகள் இருக்கின்றன; அவற்றைத் தீக்ஷா செயலியில் வருடினால் பாடத்துக்குரிய காணொளிகள் வருகின்றன. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி இருக்கிறது. இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய பெட் (PhET) தளத்தில், சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் இணையச் செயல்பாடுகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை ஒற்றைக் கோப்பாக இறக்கி, இணையம் இல்லாமலும் உலாவியில் திறக்கலாம். குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தாவின் இணையத்தளம் இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதைத் தளத்தில் தமிழ்க் கதைகள் இருக்கின்றன. இவை போதாதென்று, ஆசிரியர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் வாரந்தோறும் ஆயத்தப் பாடக்குறிப்புகள் வந்து குவிகின்றன.

ஆகஸ்டு முழுவதும் இறக்கினேன். 380 ரூபாய்க்கு வாங்கிய 32 ஜிபி பென்டிரைவில் 23 ஜிபி நிரம்பியது, 340 கோப்புகள். அந்த மாதத்தின் கடைசி வாரப் பாடக்குறிப்புக்கு ஆன நேரம் 4 மணி 40 நிமிடம், அதாவது ஜூலையைவிட 15 நிமிடம் கூடுதல். இணையத்தில் தேடியதை இப்போது பென்டிரைவில் தேடினேன். கோப்புகளின் பெயர்கள் எண்களும் தேதிகளுமாக இருந்தன. எது எந்தப் பாடத்துக்கு உரியது என்று ஒவ்வொன்றையும் திறந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு 12 நிமிடக் காணொளியில் எனக்குத் தேவையான பகுதி எங்கே தொடங்குகிறது என்பதை ஏற்கெனவே ஒருமுறை கண்டுபிடித்திருந்தும், எங்கும் குறித்து வைக்காததால் மீண்டும் முதலிலிருந்து பார்த்தேன்.

அதே மாதத்தில் இரண்டு மாலைகளை ஒரு மின்மோட்டாருக்காகச் செலவிட்டேன். ஒரு பேட்டரி, சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் பட்டை, இரண்டு ஊக்குகள், ஒரு காந்தம், எனாமல் பூசிய செப்புக் கம்பிச் சுருள் ஆகியவற்றைக் கொண்டு செய்யும் மோட்டார் அது. சுருளின் ஒரு முனையில் எனாமலை முழுவதும் சுரண்ட வேண்டும். மறு முனையில் ஒரு பக்கம் மட்டும் சுரண்டாமல் விட வேண்டும். இதைச் சரியாகச் செய்ய எனக்கு ஐந்து கம்பிகள் வீணாயின. மோட்டார் அழகாகச் சுழன்றது, பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் நான் நடத்தவிருந்த பாடவேளைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கிடைத்த வளம் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பாடவேளையை அதன் பின்னால் இழுத்துச் சென்றிருந்தேன். அதன் பிறகு, பாடவேளையின் கற்றல் விளைவை, அதாவது அதன் முடிவில் பிள்ளைகள் எதைக் கற்றிருக்க வேண்டும் என்பதை, ஒரே வரியில் எழுதி மேசை மீது வைத்துக்கொள்ளாமல் எந்தத் தளத்தையும் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

செப்டம்பரில் வேறு வழியில் முயன்றேன். கிடைத்தவற்றிலிருந்து வேண்டிய வரிகளை நகலெடுத்து, எனக்கென ஒரு தொகுப்பு செய்யத் தொடங்கினேன். பழைய பயிற்சிக் கட்டகம் ஒன்றின் பிடிஎஃப் கோப்பிலிருந்து மின்சுற்று பற்றிய ஒரு பத்தியை எடுத்து லிப்ரே ஆஃபீஸில் ஒட்டினால், தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும், மெய்யெழுத்தின் புள்ளி வர வேண்டிய இடங்களிலெல்லாம் அரைப்புள்ளிகளுமாக வந்து நின்றது. ஒருங்குறி (யூனிகோடு) என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்தியிருப்பார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது என்றாலும், அதற்கு முன்பு தட்டச்சிட்ட நல்ல கட்டகங்கள் இன்னும் பழைய வடிவிலேயே கைமாறிக்கொண்டிருக்கின்றன.

இவ்வகைக் கோப்புகளுக்கு இலவச எழுத்துரு மாற்றிகள் உண்டு; எந்த எழுத்துரு என்று சரியாகத் தேர்ந்தெடுத்தால் மாற்றித் தந்துவிடுகின்றன. படமாக வருடிய பக்கங்களைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியே திறந்து எழுத்தாக்கினேன். பெரும்பகுதி சரியாக வந்தது. ஆனால் துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’வும், ‘ர’ வர வேண்டிய இடத்தில் துணைக்காலும் பல இடங்களில் மாறியிருந்தன. ‘ஆதாரம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் ஒரே பக்கத்தில் மூன்று விதமாகத் திருத்தினேன். அந்த ஒரு பக்கத்தைப் பிழைதிருத்த 22 நிமிடம் ஆயிற்று. திருத்தி முடித்துப் பார்த்தபோது, வகுப்பறையில் எனக்கு அதிலிருந்து தேவைப்பட்டவை மூன்றே வரிகள். அவற்றைத் தமிழ் 99 விசைப்பலகையில் நேரே தட்டியிருந்தால் நான்கு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அந்த மூன்று வரிகள்தாம் என்னைச் சரியான வழியில் திருப்பின. ஒரு பாடவேளைக்குள் உண்மையில் எவ்வளவு பொருள் கொள்ளும் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கேள்வி, ஒரு செயல்பாடு, ஒரு படம் அல்லது மூன்று நிமிடக் காணொளி, நான்கு வரி வலுவூட்டல், மூன்று மதிப்பீட்டு வினாக்கள் என்று எல்லாம் சேர்ந்தும் ஒரு ஏ4 தாளின் ஒரு பக்கம்தான் வருகிறது. ஆகவே பாடத்துக்கு ஒரு கோப்புறை என்பதை விட்டுவிட்டு, பாடவேளைக்கு ஓர் அட்டை என்று வைத்தேன்.

அட்டையின் அமைப்பை நான்கு முறை மாற்றியிருக்கிறேன். இப்போது பயன்படுவதை மட்டும் சொல்கிறேன். ஏ4 தாள், நான்கு பக்கமும் 1.5 செ.மீ. ஓரம், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு 14 புள்ளி அளவில். கையில் பிடித்தபடி கரும்பலகை அருகே நின்று படிக்க 12 புள்ளி போதவில்லை. மேல் மூலையில் எண்: 6-2-02-03 என்றால் ஆறாம் வகுப்பு, இரண்டாம் பருவம், இரண்டாம் பாடம், மூன்றாம் பாடவேளை. பென்டிரைவில் அந்தப் பாடவேளைக்குரிய கோப்புகளுக்கும் இதே எண்ணைப் பெயராக இட்டேன். தேடல் என்ற வேலையே இதனால் ஒழிந்தது. எண்ணுக்குக் கீழே கற்றல் விளைவு ஒரு வரி, தேவையான பொருள்கள் ஒரு வரி, பிறகு 5, 10, 15, 7, 3 நிமிடங்கள் என்று பிரித்த ஐந்து கட்டங்கள். வலது ஓரத்தில் 3 செ.மீ. வெற்றிடம், வகுப்பு முடிந்ததும் உண்மையில் ஆன நிமிடங்களைப் பென்சிலால் எழுதுவதற்காக அது. தாளின் பின்பக்கத்தில் பிள்ளைகளுக்குரிய பயிற்சி வினாக்கள்.

முதலில் ஆறாம் வகுப்பின் மின்னியல் பாடத்துக்கு ஏழு அட்டைகள் செய்தேன். எழுத்துரு மாற்றம், அமைப்பு மாற்றம் எல்லாம் சேர்த்து 11 மணி நேரம் ஆயிற்று. அக்டோபரில் வகுப்புக்குக் கொண்டு சென்றேன்.

மூன்றாம் அட்டை, கடத்திகளும் கடத்தாப் பொருள்களும். ஒரு பென்சில் பேட்டரி, ஒரு சிவப்பு எல்இடி, இரண்டு வயர். இடையில் சாவி, அழிப்பான், நாணயம், பென்சில் முனை ஆகியவற்றை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஆறு குழுக்களிலும் சாவியை வைத்தும் விளக்கு எரியவில்லை. வயர் இணைப்புகளைச் சரிபார்த்தோம், எல்இடியைத் திருப்பி வைத்தோம், பேட்டரிகளை மாற்றினோம்; 12 நிமிடம் போய்விட்டது. சிவப்பு எல்இடி எரிய ஏறத்தாழ 1.8 முதல் 2 வோல்ட் வேண்டும். ஒற்றைப் பேட்டரி தருவது 1.5 வோல்ட்தான். நான் வீட்டில் சோதித்தபோது இரண்டு பேட்டரிகள் போடும் தாங்கியில் சோதித்துவிட்டு, அட்டையில் ‘ஒரு பேட்டரி’ என்று எழுதியிருந்தேன். இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: ‘இரண்டு பேட்டரி, தாங்கியோடு, 100 ஓம் மின்தடை ஒன்று தொடராக, எல்இடியின் நீண்ட கால் நேர்முனைக்கு.’ மின்தடை சேர்ப்பதால் எல்இடி பழுதாகாமல் அடுத்த ஆண்டுக்கும் வரும்.

ஐந்தாம் அட்டைக்குப் பெட் தளத்தின் மின்சுற்றுச் செயல்பாட்டை இறக்கி வைத்திருந்தேன். திரையில் பிள்ளைகளே வந்து வயரையும் பல்பையும் இணைத்தார்கள், நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒரு மாணவி, முந்தைய வாரம் கையில் பிடித்த பேட்டரியை மறக்காமல், “டீச்சர், நம்ம பேட்டரியில 1.5னுதானே போட்டிருந்துச்சு, இதுல மட்டும் ஏன் 9னு இருக்கு?” என்று கேட்டாள். அந்தச் செயல்பாட்டில் பேட்டரி தொடக்கத்தில் 9 வோல்ட்டாகவே வரும். அதைத் தொட்டால் கீழே வரும் அளவுகோலை நகர்த்தி மாற்றலாம். 1.5க்குக் குறைத்ததும் பல்பின் ஒளி மிகவும் மங்கியது. இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்ததும் சற்றுக் கூடியது. நான் எழுதியிருந்த கேள்விகளைவிட அவள் கேட்ட கேள்வி பாடத்தின் உள்ளே ஆழமாகப் போனது. இப்போது அட்டையில் அதுதான் முதல் கேள்வி, ‘9லிருந்து 1.5க்குக் குறைத்துத் தொடங்குக’ என்பது முதல் குறிப்பு.

மறுநாள் ஏழாம் வகுப்புக்குத் திரையில் ஒன்றைக் காட்டலாம் என்று போனபோது மழையில் மின்சாரம் போய்விட்டது. டெல்டாவில் இரண்டாம் பருவம் முழுவதும் வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். அன்று முதல், திரை தேவைப்படும் ஒவ்வோர் அட்டையிலும் ‘மின்சாரம் இல்லையெனில்’ என்று தொடங்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். அதே ஈரம் அட்டைகளையும் கெடுத்தது. இங்க்ஜெட் அச்சில் மை பரவி, தாள்கள் ஓரம் சுருண்டன. லேமினேஷன் செய்தால் பென்சிலில் குறிக்க முடியாது. ஒரு தாளுக்குச் செலவும் அதிகம். ஆகவே லேசர் அச்செடுத்து, ஒளிபுகும் நெகிழி உறைகளில் போட்டு ஃபைலில் கோத்தேன். உறையிலிருந்து தாளை உருவிப் பென்சிலால் எழுதி மீண்டும் செருகிவிடலாம். பின்பக்கப் பயிற்சியை உறையின் மேலேயே மார்க்கரால் எழுதிப் பிள்ளைகள் துடைத்துக்கொள்கிறார்கள்.

அரையாண்டு விடுமுறையில் ஒன்பது நாள், நாளுக்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து, மூன்றாம் பருவத்தின் முதல் நான்கு வாரங்களுக்கு 48 அட்டைகள் செய்தேன். மொத்தம் 31 மணி நேரம். காந்தவியலும் ஒளியியலும் எளிதாக அமைந்தன; மணலில் காந்தத்தைப் புரட்டி இரும்புத்துகள் எடுப்பதற்கும், அட்டைப்பெட்டியில் ஊசித்துளைக் காமிரா செய்வதற்கும் எங்கள் ஊரிலேயே எல்லாம் கிடைக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் வேலை இரட்டித்தது. நான் வெட்டித் திருத்தி அட்டையில் சேர்த்திருந்த ஒரு படத்தின் உரிமக் குறிப்பைப் பிறகுதான் படித்தேன். மாற்றங்கள் செய்து பகிரக்கூடாது என்ற நிபந்தனையோடு அதை வெளியிட்டிருந்தார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் எல்லாம் ஒன்றல்ல. பெயர் குறிப்பிட்டால் போதும் என்பதும் உண்டு, அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும் என்பதும் உண்டு, வணிகத்துக்குக் கூடாது என்பதும், மாற்றக்கூடாது என்பதும் உண்டு. இலவசமாக இறக்க முடிகிறது என்பதால் மாற்றவும் பகிரவும் அனுமதி கிடைத்துவிடாது. அந்தப் படத்தை நீக்கிவிட்டு நானே வரைந்தேன். இப்போது ஒவ்வோர் அட்டையின் அடியிலும் எது எங்கிருந்து வந்தது, என்ன உரிமம் என்று 9 புள்ளியில் ஒரு வரி இருக்கிறது. இறக்கும்போதே எழுதினால் அரை நிமிடம்தான் ஆகிறது.

செலவு: பென்டிரைவ் 380 ரூபாய், நெகிழி உறை 100 எண்ணம், 300 ரூபாய், 55 அட்டைகளுக்கு இருபுறமும் சேர்த்து 110 பக்க அச்சு, பக்கம் 3 ரூபாய் வீதம் 330 ரூபாய், பத்து எல்இடி 30, பத்து மின்தடை 10, ஆறு பேட்டரித் தாங்கி 120, பன்னிரண்டு பேட்டரி 144, ஆக 304 ரூபாய். மொத்தம் 1,314 ரூபாய். வளங்கள் அனைத்தும் இலவசம். அவற்றை வகுப்பறை வரை கொண்டுவருவதற்கு ஆன செலவு இது.

நேரக் கணக்கையும் அப்படியே சொல்ல வேண்டும். ஜூலை கணக்குப்படி ஒரு பாடவேளைக்கான ஆயத்தம் சராசரியாக 22 நிமிடம். ஓர் அட்டை செய்ய ஆகிற நேரம் சராசரியாக 39 நிமிடம். அதன் பிறகும் வாராந்தரப் பாடக்குறிப்பில் ஏற்றி, பொருள்களை எடுத்து வைக்கப் பாடவேளைக்கு 6 நிமிடம். ஆக, முதல் முறை 45 நிமிடம். பழைய முறையைப் போல இரு மடங்கு. ஜனவரியின் நான்கு வாரங்களில் எனக்கு மிச்சமான 12 மணி 40 நிமிடத்தை, விடுமுறையில் முன்கூட்டியே செலவிட்ட 31 மணி நேரத்திலிருந்துதான் எடுத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு இதே அட்டைகளை எடுக்கும்போது 6 நிமிடம்தான். எனவே, ஓர் ஆசிரியர் தனியாக, ஓராண்டுக்கு மட்டும் இதைச் செய்தால் நேரம் மிச்சமாகாது. இரண்டாவது ஆண்டில் மிச்சமாகும். அல்லது இரண்டாவது ஆசிரியரின் கையில் மிச்சமாகும். இலவச வளங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இறக்குவதைப் பற்றியே பேசுகிறோம். செய்து முடித்ததை, வகுப்பில் சோதித்த நிமிடங்களோடு அடுத்தவருக்குக் கொடுப்பதில்தான் நேரம் இருக்கிறது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

மீண்டும் தொடங்குவதானால், ஒரே ஒரு பாடத்தை எடுத்து, அதற்கு மட்டும் அட்டை செய்து, வகுப்பில் முடித்த பிறகே அடுத்ததற்குப் போவேன். ஒரு பாடவேளைக்கு மூன்று கோப்புகளுக்கு மேல் இறக்க மாட்டேன். காணொளி என்றால் எந்த நிமிடத்தில் தொடங்கி எந்த நிமிடத்தில் நிறுத்த வேண்டும் என்பதைப் பார்க்கும்போதே எழுதிவிடுவேன். எல்லாவற்றுக்கும் மேலாக, 48 அட்டைகளையும் தனியாகச் செய்ய மாட்டேன். மூன்று பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 16 அட்டை, 10 மணி 24 நிமிடம்.

சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, அருகிலுள்ள பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள் இருவர் சேர்ந்துகொண்டார்கள். வரும் ஜூனுக்கான ஆறாம் வகுப்பு முதல் பருவத்தில் அளவீடுகள் எனக்கு, விசையும் இயக்கமும் ஒருவருக்கு, நம்மைச் சுற்றியுள்ள பருப்பொருள்கள் இன்னொருவருக்கு என்று பிரித்திருக்கிறோம். அமைப்பு சரிவருகிறதா என்று பார்ப்பதற்காக, என் மின்னியல் அட்டைகள் ஏழையும் அவர்களில் ஒருவர் தம் வகுப்பில் மீள்பார்வைக்கு எடுத்துச் சென்றார். என் வகுப்பில் 24 பிள்ளைகள், அவருடையதில் 55. கடத்திகள் அட்டையை அவர் திருப்பித் தந்தபோது, நான் ஆறு குழு என்று அச்சிட்டிருந்த இடத்தை அடித்துவிட்டு ‘குழுக்கள் ____’ என்று மாற்றியிருந்தார். அதை அப்படியே எல்லா அட்டைகளிலும் ஏற்றிவிட்டேன். வலது ஓரத்தில் பென்சிலால் இன்னொன்றும் எழுதியிருந்தார்: ‘பென்சிலை இரண்டு பக்கமும் சீவி வைக்கவும். ஒரு பக்கம் மட்டும் சீவியிருந்தால் மறுமுனையில் வயர் கரியைத் தொடுவதில்லை, எல்இடி எரியவில்லை. 4 நிமிடம் போயிற்று.’ என் வகுப்பில் தற்செயலாக இருபுறமும் சீவிய பென்சில்கள் இருந்ததால் எனக்கு இது தெரியவே இல்லை. தேவையான பொருள்கள் வரியில் ‘பென்சில்’ என்பதற்கு முன்னால் ‘இருபுறமும் சீவிய’ என்று சேர்த்து, அந்த ஒரு தாளை மட்டும் மறுபடி அச்செடுத்தேன்.